தெருக்கோடியில் ஒரு 'கடக், கடக்'

என் மன்னி மாம்பலத்தில் இருக்கிறாள். கார் ஓட்டுவதில் அண்ணாவைவிட அவள்தான் கெட்டிக்காரி. இதை அண்ணாவே ஒப்புக்கொண்டுவிட்டதால் நான் எழுதுவதில் பாதகமில்லை. ஒரு நாள் காலையில் மன்னி டெலிபோனில் கூப்பிட்டாள்.

"தெருக்கோடியில் ஒடித்துத் திருப்பும்போது 'கடக், கடக்' என்று சத்தம் வருகிறது. நேராகப் போனால் ஒன்றுமில்லை. ஒர்க்ஷாப்பில் கேட்டால் கியர் பாக்ஸையே இறக்க வேண்டுமாம். 40,000 ரூபாய்! பெண்ணின் காலேஜ் சம்பளத்துக்கு எடுத்து வைத்திருக்கும் பணம் அது. நீ கொஞ்சம் வந்து பாரேன்" என்றாள்.

நான் பார்த்து என்ன ஆகப் போகிறது? ஆகவே, புதுப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வயதான மேஸ்திரியிடம் இருவருமாகப் போனோம். அவர் ஸ்பேனரைக் கையில் எடுக்கவே இல்லை. "நீங்களே ஓட்டுங்கம்மா, நான் காதால் கேட்கிறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். காலி மைதானம் ஒன்றில் இடப்பக்கமாக வட்டம் போடச் சொன்னார், சத்தம் இல்லை. வலப்பக்கமாக ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிக்கச் சொன்னார். 'கடக், கடக், கடக்'! வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் என்ஜினை உறும விட்டார், சத்தம் இல்லை. கீழே இறங்கி, இடது முன்சக்கரத்தின் உட்புறம் கையை விட்டு எடுத்தார். விரலெல்லாம் கன்னங்கரேலென்று கிரீஸ்.

"கியர் பாக்ஸ் கல்லு மாதிரி இருக்கிறது, அம்மா. இது வெளி ஜாயிண்ட்" என்றார்.

அது என்ன ஜாயிண்ட் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். அந்தக் காலத்து அம்பாஸிடரில் என்ஜின் முன்னால் இருக்கும். வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம். நடுவே ஒரு நீண்ட தண்டு ஓடும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இலோ முன்சக்கரமே வண்டியை இழுத்தது. இப்போது நம் வீடுகளில் நிற்கும் சின்னக் கார்கள் பெரும்பாலும் அந்த ஜாதிதான். இதில் ஒரு சங்கடம் பாருங்கள்: முன்சக்கரம் சுழலவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். பழைய சிலுவை வடிவ ஜாயிண்டை அங்கே போட்டால், வளைவு அதிகமாக ஆக, ஒவ்வொரு சுற்றிலும் சக்கரம் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். ஸ்டியரிங் கையில் உதறும். இதற்கு விடையாகப் பிறந்ததுதான் 'ஸி.வி. ஜாயிண்ட்'. கிண்ணம் போன்ற ஒரு கூட்டுக்குள் ஆறு எஃகுக் குண்டுகள். எவ்வளவு ஒடித்தாலும் சுழற்சி ஒரே சீராக இருக்கும். 1959-இல் இங்கிலாந்தில் இஸிகோனிஸ் என்பவர் வடிவமைத்து வெளிவந்த 'மினி' காரில் இந்த ஏற்பாடு வெகுவாகப் பிரபலமாயிற்று.

இந்தக் குண்டுகளுக்கு ஆகாரம் கிரீஸ். அது சிந்தாமல் காப்பது ஹார்மோனியத் துருத்தி போல் மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் உறை. அதை 'பூட்' என்பார்கள். வெயிலில் ரப்பர் வெடிக்கும். அப்புறம் கிரீஸ் வெளியே தெறிக்கும், மழைத் தண்ணீரும் மணலும் உள்ளே போகும். மன்னியின் வண்டிக்கு நேர்ந்தது இதுதான். சத்தம் வருமுன் கண்டுபிடித்திருந்தால் புது உறையும் ஒரு பொட்டலம் கிரீஸும் போதும். சத்தம் வந்துவிட்டால் குண்டு ஓடும் பாதையில் பள்ளம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். ஜாயிண்டையே மாற்றத்தான் வேண்டும்.

எல்லாச் சத்தமும் இதுவல்ல. வேகம் கூடக்கூட 'ஹூம்' என்ற ரீங்காரம் ஏறி, வண்டி வளையும்போது மாறுமானால், சக்கரத்து பேரிங்கைச் சந்தேகியுங்கள். என்ஜின் மட்டும் சீறி வண்டி ஓடாமல், கருகல் நாற்றமும் வந்தால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. கிளட்சை மிதித்ததும் சத்தம் பிறந்தால் ஒரு பேரிங், மிதித்ததும் அடங்கினால் வேறொரு பேரிங். அடங்குகிற ரகமானால்தான் கியர் பாக்ஸின் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும்.

மேஸ்திரி வேலை செய்ததை மன்னி பக்கத்திலேயே நின்று பார்த்தாள். (அவர் அதற்கு முகம் சுளிக்கவில்லை. சுளிக்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.) ஜாக்கியை மட்டும் நம்பாமல் வண்டிக்குக் கீழே இரும்புத் தாங்கிகளை வைத்தார். சக்கரத்தைக் கழற்றி, தண்டின் முனையிலுள்ள பெரிய நட்டை எடுத்து, தண்டை உருவினார். கிண்ணத்தைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். பாதையில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம்! புது ஜாயிண்ட், புது உறை, அதற்கென்றே உள்ள கறுப்பு கிரீஸ். பழைய நட்டைத் தூர எறிந்துவிட்டுப் புது நட்டுப் போட்டார். ஒரு முறை நசுக்கிப் பூட்டிய நட்டு மறுமுறை பிடிக்காதாம்.

"இன்னும் ஒரு மாசம் ஓட்டியிருந்தால்?" என்று மன்னி கேட்டாள்.

"ஒரு நாள் மேம்பாலத்தில் ஜாயிண்ட் விட்டுப் போயிருக்கும், அம்மா. என்ஜின் ஓடும், வண்டி நகராது. ஒரு பக்கம் அறுந்தால் மறு சக்கரத்துக்கும் பலம் போகாது. சரிவில் கியரில் போட்டு நிறுத்தினாலும் நிற்காது. ஹாண்ட் பிரேக்தான் கதி."

பில் 4,500 ரூபாய். காலேஜ் சம்பளம் மறுநாளே கட்டியாயிற்று. இப்போதெல்லாம் டயருக்குக் காற்று அடிக்கப் போனால், மன்னி டார்ச் லைட்டோடு குனிந்து முன்சக்கரங்களின் உட்புறத்தைப் பார்க்கிறாள். காற்றுப் பிடிக்கும் பையன் முதல் தடவை, "என்னம்மா, ஏதாவது விழுந்துவிட்டதா?" என்று தானும் சேர்ந்து தேடினானாம்.