வரலாற்றாளரின் தூரிகை எட்டாத அறை

கொரியத் தொலைக்காட்சியில் வரலாற்றுக் கதைகளைச் சொல்லும் தொடர்களுக்குச் 'சாகுக்' என்று பெயர். இவ்வகைத் தொடர்களில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட கதைகளுள் ஒன்று, 1392-இல் நிறுவப்பட்ட ஜோசோன் அரசின் 19-ஆம் மன்னரான சுக்ஜோங்கின் அந்தப்புரத்தில் நடந்தது. 1674 முதல் 1720 வரை ஆண்ட இந்த மன்னரின் காலத்தைப் பின்புலமாகக் கொண்டு, லீ பியோங்-ஹூன் இயக்கத்தில் 2010-இல் எம்பிசி தொலைக்காட்சி 60 பகுதிகளாக ஒளிபரப்பிய 'தோங் யி', பண்புள்ள அரசி இன்ஹ்யோன், அவருடைய இடத்தைப் பறிக்கும் ஜாங் ஹீபின், தாழ்ந்த குடியில் பிறந்து மன்னரின் துணைவியாகி ஓர் அரசனுக்குத் தாயான சோய் சுக்பின் ஆகிய மூன்று பெண்களைச் சுற்றிச் சுழல்கிறது. மருந்தில் கலக்கும் நஞ்சு, பொய்ச்சாட்சி, நள்ளிரவுச் சந்திப்பு என்று தொடர் முழுவதும் விரியும் சூழ்ச்சிகளைப் பார்ப்பவர்கள், மூன்று பெண்களின் பொறாமையே ஓர் அரசை ஆட்டிவைத்தது என்று எண்ணிவிடக்கூடும். அந்தச் சூழ்ச்சிகளின் வேர் அந்தப்புரத்துக்கு வெளியே, அமைச்சர்கள் கூடும் அவையிலும் அதற்குத் தலைமை தாங்கிய மன்னரின் மனத்திலும் இருந்தது என்பதை வரலாற்றுப் பதிவுகள் தெளிவாகக் காட்டுகின்றன.

ஜோசோன் அரசில் கன்பூசிய நூல்களைக் கற்றுத் தேர்வில் வென்ற உயர்குடி அறிஞர்களே அதிகாரிகளாயினர்; 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அவர்கள் ஆசிரியர் மரபின் வழியிலும் குடும்ப உறவின் வழியிலும் கட்சிகளாகப் பிரிந்து நின்றனர். சுக்ஜோங்கின் காலத்தில் எதிரெதிரே நின்றவை 'சோயின்' எனப்பட்ட மேற்கத்தியர் கட்சியும் 'நமின்' எனப்பட்ட தெற்கத்தியர் கட்சியும் ஆகும். இவ்விரு கட்சிகளும் மோதிக்கொண்ட பொருள்களில் ஒன்று, இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கும் வகையில், துக்க உடையை எத்தனை நாள் அணிவது என்பதாகும். 1659-இல் மன்னர் ஹ்யோஜோங் இறந்தபோது, முந்தைய மன்னரின் மனைவி அவருக்காக ஓராண்டு துக்கம் காப்பதா மூன்றாண்டு காப்பதா என்ற வினா எழுந்தது. இறந்தவர் இரண்டாம் மகனாகப் பிறந்து அரியணை ஏறியவர் ஆகையால், அவரை மூத்த மகனுக்கு நிகராகக் கருதுவதா என்பதே அவ்வினாவின் உட்பொருள். துக்க உடையின் கணக்கு அரச மரபின் உரிமையையே தொட்டது. 1674-இல் இதே விவாதம் மீண்டும் எழுந்து, சோயின் கட்சி வீழ்ந்து நமின் கட்சி ஏற்றம் பெற்ற வேளையில்தான், சிறுவனான சுக்ஜோங் அரியணை ஏறினார்.

வயது குறைந்த அந்த மன்னர் விரைவிலேயே தமக்கென ஓர் உத்தியைக் கண்டுகொண்டார். ஆட்சியில் இருக்கும் கட்சியை ஒரே வீச்சில் வெளியேற்றி, எதிர்க்கட்சியை முழுமையாக உள்ளே கொண்டுவரும் அந்த உத்திக்கு, நிலைமையைத் திருப்புதல் என்ற பொருளில் 'ஹ்வான்குக்' என்று பெயர். 1680, 1689, 1694 ஆகிய மூன்று ஆண்டுகளில் மூன்று முறை இது நிகழ்ந்தது. முதல் திருப்பத்துக்குச் சொல்லப்படும் காரணம் ஒரு கூடாரம்: நமின் கட்சித் தலைவர் ஹோ ஜோக் தம் வீட்டில் விழா நடத்திய நாளில் மழை பெய்ததால், அரண்மனைக்குரிய எண்ணெய் பூசிய கூடாரத்தை அவருக்கு அனுப்பும்படி மன்னர் பரிவுடன் சொன்னதாகவும், தம் இசைவின்றியே அது ஏற்கெனவே எடுத்துச் செல்லப்பட்டதை அறிந்து சினந்து, உடனே படைத்தலைவர்களை மாற்றியதாகவும் கூறுவர். கூடாரம் ஒரு சாக்கு மட்டுமே. எந்தக் கட்சியும் வேரூன்றிவிடாதபடி பார்த்துக்கொள்வதே மன்னரின் நோக்கம் என்று கருதுவதற்குப் பின்னர் வந்த இரண்டு திருப்பங்களும் இடம் தருகின்றன.

கட்சிகளின் இந்தப் போராட்டம் அந்தப்புரத்துக்குள் நுழைந்ததற்கு ஒரு நிர்வாகக் காரணமும் உண்டு. ஜோசோனில் மன்னர் அதிகாரிகளைச் சந்திக்கும்போதெல்லாம் 'சாக்வான்' எனப்படும் அரசவை வரலாற்றாளர்கள் அருகிலிருந்து பேச்சையும் செயலையும் எழுதிக்கொள்வது விதி. அக்குறிப்புகளைக் கொண்டு, மன்னர் இறந்த பிறகு அவருடைய ஆட்சியின் பதிவேடாகிய 'சில்லோக்' தொகுக்கப்படும். தம் முன்னோரின் பதிவேட்டைப் படித்துப் பார்க்க எந்த மன்னருக்கும் உரிமையில்லை. மூன்றாம் மன்னர் தேஜோங் 1404-இல் வேட்டையின்போது குதிரையிலிருந்து விழுந்து, இது வரலாற்றாளனுக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னதும்கூடச் சில்லோக்கில் இடம்பெற்றுவிட்டது. மன்னர் ஓர் அமைச்சரைத் தனியே சந்திப்பது எவ்வளவு அரிய, அச்சமூட்டும் செயலாக இருந்தது என்பதற்கு, 1717-இல் சுக்ஜோங் அமைச்சர் யீ யி-ம்யோங்குடன் வரலாற்றாளர் இன்றிப் பேசியதும், அதில் பேசப்பட்டது என்ன என்ற ஐயம் வாரிசுரிமைப் பூசலாக வளர்ந்ததும் சான்றாகும். இத்தகைய அரசில் தூரிகையின் கண்ணுக்குத் தப்பி மன்னரின் காதில் ஒரு சொல்லைப் போடக்கூடிய இடம், அவர் இரவில் தங்கும் உள் அரண்மனை ஒன்றே. அங்கே தம் பக்கம் பேச ஒருவர் இருப்பது ஒரு கட்சிக்குப் படையொன்று இருப்பதைப் போன்றது.

அந்த உள் அரண்மனைக்கும் அதிகாரிகளின் உலகைப் போலவே படிநிலை இருந்தது. 'நேம்யோங்பு' எனப்பட்ட அந்த அமைப்பில் அரசி படிநிலைகளுக்கு மேலே இருந்தார். அவருக்குக் கீழே, முதல் படியில் 'பின்' என்ற பட்டம் முதல் நான்காம் படியின் கீழ்ப்பகுதியில் 'சுக்வோன்' என்ற பட்டம் வரை மன்னரின் துணைவியர் இடம்பெற்றனர். ஐந்தாம் படியில் தொடங்கிப் பணிப்பெண்கள் வந்தனர். நீர் சுமக்கும் 'முசுரி'ப் பெண்களோ இந்த வரிசைக்கே வெளியில் இருந்தனர். ஹீபின், சுக்பின் என்பவை இயற்பெயர்கள் அல்ல. பின் என்ற தகுதியோடு சேர்த்து வழங்கப்பட்ட பட்டங்கள்.

1659-இல் பிறந்த ஜாங் ஹீபினின் இயற்பெயர் ஓக்-ஜோங் என்று வழங்குகிறது. மொழிபெயர்ப்பாளர், மருத்துவர் முதலிய தொழில் வல்லுநர்கள் அடங்கிய 'ஜுங்கின்' என்ற இடைநிலை வகுப்பைச் சேர்ந்தவர் அவர்; உறவினரான ஜாங் ஹ்யோன் தூதுக்குழுக்களின் மொழிபெயர்ப்பாளராகப் பெருஞ்செல்வம் ஈட்டியவர்; குடும்பத்தின் சாய்வு நமின் கட்சியின் பக்கம். பணிப்பெண்ணாக அரண்மனைக்குள் வந்து மன்னரின் அன்பைப் பெற்ற அவரை, சோயின் குடும்பத்தில் பிறந்த மன்னரின் தாய் வெளியேற்றினார். அத்தாயின் மறைவுக்குப் பிறகே ஓக்-ஜோங் திரும்ப முடிந்தது. 1681-இல் அரசியாகியிருந்த இன்ஹ்யோன், சோயின் கட்சியின் மின் குடும்பத்துப் பெண்; அவருக்குக் குழந்தை இல்லை. 1688-இல் ஓக்-ஜோங் ஆண்மகவு ஈன்றபோது, அரசுக்கு ஒரு வாரிசு கிடைத்ததோடு நமின் கட்சிக்கு ஒரு வாய்ப்பும் பிறந்தது.

குழந்தை பிறந்து சில மாதங்களிலேயே அதை முறையான வாரிசாக அறிவிக்க மன்னர் விரும்பியதை, அரசி இளவயதினர் ஆகையால் காத்திருக்கலாம் என்று சோயின் கட்சியினர் எதிர்த்தனர். அவர்களுடைய பேராசான் சோங் சி-யோல் மனு எழுதியதற்காக ஜேஜு தீவுக்கு நாடுகடத்தப்பட்டு, திரும்ப அழைத்துவரப்படும் வழியில் மன்னர் அனுப்பிய நஞ்சை அருந்தி, எண்பது வயதைக் கடந்த நிலையில் உயிர்துறந்தார். அதே 1689-இல் இன்ஹ்யோன் பதவி நீக்கப்பட்டபோது, அதை எதிர்த்து 80-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனுவை எழுதிய பாக் தே-போ, மன்னரின் முன்னிலையிலேயே கொடிய சித்திரவதைக்கு ஆளாகி, நாடுகடத்தப்படும் வழியில் இறந்தார். இன்ஹ்யோனின் இடத்தில் ஓக்-ஜோங் அரசியானார். பணிப்பெண்ணாக நுழைந்த ஒருவர் அரசியாகும் நிகழ்ச்சி ஜோசோன் வரலாற்றில் இந்த ஒரு முறையே நடந்தது; அதற்குத் தரப்பட்ட விலையில் பெரும்பங்கு மன்னரின் கையாலேயே வசூலிக்கப்பட்டது என்பதைத் தொடர்கள் போதிய அழுத்தத்துடன் சொல்வதில்லை.

ஐந்தாண்டுகளுக்குப் பின் சக்கரம் மறுபக்கம் திரும்பியது. இன்ஹ்யோனை மீட்க சோயின் கட்சியினர் பணம் திரட்டிச் சூழ்ச்சி செய்வதாக நமின் அமைச்சர்கள் 1694-இல் விசாரணை தொடங்கியபோது, மன்னர் விசாரிக்கப்பட்டவர்களை விட்டுவிட்டு விசாரித்தவர்களைப் பதவியிலிருந்து தூக்கியெறிந்தார். இன்ஹ்யோன் அரண்மனைக்குத் திரும்பினார். அரசி ஜாங் மீண்டும் ஹீபின் ஆனார். அதற்கு முன்பே மன்னரின் துணைவியாகியிருந்த சோய், அதே ஆண்டில் பின்னாளில் யோங்ஜோ மன்னராகப் போகும் மகனைப் பெற்றார்.

1701-இல் இன்ஹ்யோன் நோயுற்று இறந்த பின் நிகழ்ந்ததே எல்லாத் தொடர்களின் உச்சக்கட்டமும் ஆகும். ஜாங் தம் இருப்பிடத்தருகே ஒரு வழிபாட்டறை அமைத்து, அரசி இறக்கவேண்டுமென்று சாமியாடிப் பெண்களைக் கொண்டு சடங்கு செய்தார் என்பது குற்றச்சாட்டு. இறந்த அரசி தமக்குச் செய்த நன்மையை நினைந்து வருந்திய சோய் சுக்பின், இதை மன்னரிடம் இரகசியமாகச் சொன்னதாகச் சில்லோக் குறிப்பிடுகிறது. தூரிகை எட்டாத அறையில் சொல்லப்பட்ட ஒரு சொல் ஓர் உயிரின் முடிவைத் தீர்மானித்தது. பல தொடர்களில் ஜாங்கின் வாயில் நஞ்சு வலிந்து ஊற்றப்படுகிறது. சில்லோக்கிலோ, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும்படி மன்னர் விடுத்த ஆணையே காணப்படுகிறது. இனிமேல் துணைவியர் எவரும் அரசியாக உயர்த்தப்படக் கூடாது என்றும் சுக்ஜோங் விதி செய்தார். தாம் கையாண்ட கருவியைத் தாமே உடைத்துவிட்டு, இனி அப்படியொரு கருவி உருவாகவே கூடாது என்று சட்டமியற்றிய மன்னரின் செயலாகவே இதைப் பார்க்கத் தோன்றுகிறது.

தீய துணைவி, நல்ல அரசி என்ற படிமம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இங்கே முக்கியமானது. சோயின் கட்சியைச் சேர்ந்த கிம் மான்-ஜுங், நல்ல மனைவியைச் சூழ்ச்சிக்காரத் துணைவி விரட்டுவதைச் சொல்லும் 'சாஸ்ஸி நம்ஜோங்கி' என்ற புதினத்தை எழுதினார். அது மன்னரின் மனத்தை மாற்ற எழுதப்பட்டதென்று நெடுங்காலமாகக் கருதப்படுகிறது. பெயர் தெரியாத ஒருவர் எழுதிய 'இன்ஹ்யோன் அரசி வரலாறு' அரசியைக் குறையற்ற தெய்வமாகவே வரைந்தது. சுக்ஜோங்கின் சில்லோக்கும் கட்சிப் போரிலிருந்து தப்பவில்லை: சோயின் கட்சி நோரோன், சோரோன் என இரண்டாகப் பிளந்த பிறகு, நோரோன் பிரிவினர் தொகுத்த பதிவேட்டை ஏற்காத சோரோன் பிரிவினர் ஒவ்வொரு தொகுதியின் இறுதியிலும் தம் திருத்தங்களை இணைத்தனர். வென்ற கட்சியின் இரு கிளைகள் தமக்குள் வாதாடிய அந்த ஏட்டில், தோற்ற நமின் கட்சிக்கும் அதோடு வீழ்ந்த பெண்ணுக்கும் பேச இடமிருக்கவில்லை.

திரையும் நெடுங்காலம் அந்த வழியையே பின்பற்றியது. 1971-இல் தொலைக்காட்சியில் ஜாங் ஹீபினாக நடித்தவர், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் 'மினாரி' படத்துக்காக ஆஸ்கர் பெற்ற யூன் யோ-ஜோங். மினாரி என்ற கீரையின் பெயர், ஒலி ஒப்புமையால் மின் குடும்பத்து அரசியைக் குறிப்பதாகப் பழைய நாட்டுப்பாடல் ஒன்றில் வழங்கிவந்தது என்பது இங்கே நினைவில் எழும் ஓர் இனிய தற்செயல். 2013-இல் வந்த தொடர் ஒன்று ஜாங்கைக் காதலுக்காக வாழ்ந்த பெண்ணாகவே காட்டியது. 'தோங் யி' தீய துணைவி, காதல் நாயகி என்ற இவ்விரு சித்திரிப்புகளுக்கும் நடுவில் நிற்கிறது. அதில் ஜாங் அறிவும் ஆளுமையும் உடையவர். பிறப்பால் தமக்கு மூடப்பட்ட கதவுகளைத் திறக்கப் புறப்பட்டு, மெல்ல மெல்ல வழிதவறிப் போகிறவர். நாயகியான சோய்க்குச் சூட்டப்பட்ட 'தோங் யி' என்ற பெயரும், அவர் துப்பறியும் நிகழ்ச்சிகளும் கற்பனையே. சோய் முசுரியாக இருந்தார் என்பதும் மரபுவழிச் செய்தி. ஆயினும் இசைக்கூடத்தின் எடுபிடிப் பெண்ணின் கண்வழியே அரண்மனையைக் காட்டியதால், கட்சிப் பூசலில் பெயரின்றி நசுங்கிய எளியோர் திரையில் இடம்பெற்றனர். அத்தொடரின் ஆகச் சிறந்த பங்களிப்பு இதுவே.

ஜாங்கின் மகன் க்யோங்ஜோங் 1720-இல் அரியணை ஏறி நான்காண்டுகளில் இறந்தார். இறப்பதற்குச் சில நாள் முன் அவர் உண்ட நண்டையும் சீமைப் பனிச்சைப் பழத்தையும் சுட்டி, தம்பியின் தரப்பு நஞ்சிட்டது என்ற வதந்தி 1728-இல் ஒரு கலகமாகவே வெடித்தது. அந்தத் தம்பி யோங்ஜோ 1724 முதல் 1776 வரை ஆண்டு, கட்சிகளைச் சமன்படுத்தும் கொள்கையைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார். தம் தாய் சோய் சுக்பினுக்கு ஒரு வழிபாட்டுக்கூடம் எழுப்பினார். சியோல் நகரில், நெடுங்காலம் குடியரசுத் தலைவரின் இல்லமாக இருந்த நீல மாளிகையை அடுத்து, மன்னர்களைப் பெற்றும் அரசியாக நிலைபெறாத எழுவரின் நினைவுப் பலகைகள் 'சில்குங்' என்ற வளாகத்தில் வைக்கப்பட்டுள்ளன. அங்கே சோய் சுக்பினின் கூடமும் ஜாங் ஹீபினின் கூடமும் ஒரே மதிலுக்குள் நிற்கின்றன. ஜாங்கின் கல்லறையும் 1969-இல் இடம் மாற்றப்பட்டு, சுக்ஜோங்கும் இன்ஹ்யோனும் அருகருகே துயிலும் சோஓருங் கல்லறைத் தோட்டத்திலேயே, அவர்களிடமிருந்து சற்றுத் தள்ளி அமைந்திருக்கிறது. சில்குங்கில் ஜாங்கின் கூடத்துக்கு மட்டும் உருண்டைத் தூண்கள். ஒரு காலத்தில் அவர் அரசியாக இருந்தார் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம்.