ஒரு நட்சத்திரம், ஒரு குடில், ஒரு தட்டு கம்பு

போன ஜனவரியில் பரணைச் சுத்தம் செய்தபோது கிறிஸ்துமஸ் சாமான் மட்டும் மூன்று அட்டைப்பெட்டி இறங்கியது. பதினோரு சீரியல் செட், போட்டுப் பார்த்ததில் நான்குதான் எரிந்தது. ஜிகினாத் தோரணம், பிளாஸ்டிக் மணி, கால் உடைந்த மான். எல்லாம் ஆறேழு வருஷத்தில் நானே வாங்கியது. கூடத்தில் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்து அத்தை (மனைவியின் அம்மா) "இதுல எது எதுக்கு மாப்பிள்ளை?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

எளிமையான அலங்காரம் என்று இணையத்தில் தேடினால் வெள்ளைச் சுவர், மரத்தாங்கியில் ஒரு மெழுகுவர்த்தி, பைன் கிளை என்று படம் வருகிறது. அந்த எளிமைக்கு விலை போட்டுப் பார்த்தேன், என் மூன்று பெட்டியை விட அதிகம். அத்தை வளர்ந்த எளிமை வேறு மாதிரி. பட்டாசு வட்டாரத்தில் வருஷம் தீபாவளியோடு முடிந்துவிடும். போனஸ் அப்போதே வந்து அப்போதே செலவாகும். அதன்பின் ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும், பூஜை போட்டுத்தான் மறுபடி திறப்பார்கள். சிவகாசி அச்சகங்களில் டிசம்பர் வரை காலண்டர் வேலை ஓடும். ஆனால் பட்டாசுக் கூலியை நம்பிய வீட்டுக்கு கிறிஸ்துமஸ் வருவது கை காய்ந்த நேரத்தில். அதனால் அந்த வீடுகளில் அலங்காரம் இரண்டுதான்: வாசலில் நட்சத்திரம், உள்ளே குடில். யோசித்துப் பார்த்தால் இரண்டுக்குமே வேலை இருக்கிறது.

முதலில் நட்சத்திரம். கீத பவனி வருகிறவர்களுக்கு இருட்டில் தெரு தெரிய வேண்டும், எந்த வீட்டில் நின்று பாட வேண்டும் என்று தெரிய வேண்டும். வாசலில் நட்சத்திரம் எரிந்தால் "இங்கே வரலாம்" என்று அர்த்தம். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் அது ஒரு பிட் தகவல். ஒரு பிட்டைச் சொல்ல ஒரு விளக்கு போதும். பதினோரு சீரியல் செட் அதற்கு மேல் எதையும் சொல்வதில்லை.

இந்த விளக்கு நட்சத்திரத்தின் ஐரோப்பியச் சொந்தக்காரர் ஒருவர் உண்டு. ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் மொராவியன் சபையார் நடத்திய பள்ளியில், 1830களில் வடிவியல் பாடத்துக்காகச் செய்யப்பட்ட நட்சத்திரம் அது. 18 சதுரமும் 8 முக்கோணமும் கொண்ட 26 முக உருவத்தை எடுத்து, தொங்கவிட ஒரு சதுரத்தை ஒதுக்கிவிட்டு, மீதி 25 முகத்திலும் ஒரு காகிதக் கூம்பு. பாடம் நடத்தச் செய்தது பண்டிகைச் சாமானாகி, பிறகு ஹெர்ன்ஹூட் நகரத்தில் அதற்குத் தொழிற்சாலையே வந்தது. நம் தெருவில் தொங்கும் ஐமுனை நட்சத்திரம் இதை விட எவ்வளவோ சுலபம்.

அதை நானே செய்து பார்த்தேன். பழைய மாதக் காலண்டர் தாள் நல்ல கனம், பின்பக்கம் வெள்ளை. 38 செ.மீ. சதுரமாக இரண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு சதுரத்தை நடுவில் பாதியாக மடிக்க வேண்டும். மடிப்புக்கோட்டின் மையத்திலிருந்து 180 டிகிரியை ஐந்தாகப் பிரித்தால் ஒரு பங்கு 36. அந்தக் கணக்கில் விசிறி மாதிரி முன்னும் பின்னுமாக மடித்தால் கையில் ஒரு கூர் ஆப்பு கிடைக்கும். அதன் ஒரு விளிம்பில் மையத்திலிருந்து 18 செ.மீ., மறு விளிம்பில் 6.9 செ.மீ. குறித்து, இரண்டையும் இணைத்து ஒரே வெட்டு. எந்த அளவில் செய்தாலும் உள் அளவு வெளி அளவில் 0.382 பங்கு, அப்படி வைத்தால்தான் நட்சத்திரம் ஒழுங்காக வரும். பத்து தாள் கனம் இருக்கும், கத்தரி நல்லதாக இருக்கட்டும். பிரித்தபின் முனைக்குப் போகும் ஐந்து கோடுகளை மேடாகவும், இடுக்குக்குப் போகும் ஐந்தைப் பள்ளமாகவும் மடித்தால் தாள் தானே புடைத்து நிற்கும். கோணி ஊசியால் துளைகள் போட்டுவிட்டு, இன்னொன்றையும் இதே மாதிரி செய்து, இரண்டையும் முதுகோடு முதுகாக வைத்து, விளிம்புகளில் காகிதப் பட்டை ஒட்ட வேண்டும். பல்பு நுழைய ஒரு விளிம்பை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஒட்டுவது அத்தையின் பாடு. சிறுவயதில் வீட்டில் தீப்பெட்டி ஒட்டிய கை. நான் ஒரு பட்டை ஒட்டுவதற்குள் அவர் ஐந்து ஒட்டிவிட்டார். மைதாப் பசைதான். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள், ஆனால் அது விஷம். பிள்ளைகள் கை வைப்பதாக இருந்தால் வேண்டாம். ஒரே ஒரு பிழை செய்தேன். காலண்டரில் இருந்த படத்தைக் கவனிக்கவில்லை. விளக்கு போட்டதும் நட்சத்திரத்துக்குள் மங்கலாக முருகன் தெரிந்தார். அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், அவரும் நம்ம ஊர்க்காரர்தானே" என்றார். அப்படியே தொங்குகிறது.

பல்பு விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. ஜீரோ வாட் என்று விற்ற பழைய குண்டு பல்பு உண்மையில் 15 வாட் வரை இழுக்கும். பழைய சுழல்தட்டு மீட்டரில் அவ்வளவு சின்ன லோடு சரியாகப் பதிவாகாது என்பதால் வந்த பெயர் என்பார்கள். இரவுக்கு 12 மணி நேரம், 30 நாள் என்றால் 5.4 யூனிட். அரை வாட் எல்.இ.டி. போட்டால் அதே கணக்கு 0.18 யூனிட். எனக்குப் பணத்தை விட சூடுதான் பெரிய விஷயம். தீப்பொறி என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாத ஊர் இது. சுடுகிற பல்பைக் காகிதத்துக்குள் வைத்து விட்டுத் தூங்கப்போக எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து குடில். கடையில் தெர்மோகோல் மலை, ஓடுகிற அருவி எல்லாம் வைத்து விற்கிறார்கள். ஆனால் 1223-ல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசி பிரான்சிஸ் வைத்த குடிலில் இருந்தது ஒரு தீவனத்தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. சிலைகள் கிடையாது. நாங்களும் பனையோலைக் கூரை, கொஞ்சம் வைக்கோல் என்று நிறுத்திக்கொண்டோம். பாலன் சுரூபத்தை 24-ஆம் தேதி நள்ளிரவுக்கு முன் வைப்பதில்லை. அதுவரை தொட்டி காலி. வீட்டுப் பிள்ளைகள் தினமும் போய் எட்டிப் பார்ப்பது அந்தக் காலி இடத்தைத்தான்.

குடிலைச் சுற்றிப் பச்சை வேண்டுமென்று நான் பிளாஸ்டிக் புல் வாங்கியிருந்தேன். அத்தை வீட்டு வழக்கம் தட்டில் தானியம் விதைப்பது. பிரான்சின் புரோவான்ஸ் பகுதியிலும் டிசம்பர் 4, புனித பார்பரா நாளன்று தட்டில் கோதுமை விதைத்துக் கிறிஸ்துமஸுக்கு வைக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு முளைப்பாரிதான் ஞாபகம் வந்தது. நம் பக்கத்து மாரியம்மன் பொங்கலுக்கு வளர்ப்பதும் இதுதானே. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று தேடப்போவதில்லை. விதை முளைப்பதைப் பார்க்கிற சந்தோஷம் எந்த ஊருக்கும் வரும்.

கம்பை ஒரு ராத்திரி ஊறவைத்து, கரிசலில் பாதிக்குப் பாதி மணல் கலந்து (தனிக் கரிசல் இறுகிவிடும்), 14, 15-ஆம் தேதி வாக்கில் நெருக்கமாகத் தூவினால் 24-க்குள் விரல் நீளம் வந்துவிடும். சோளம் வேண்டாம். இளம் சோளப்பயிர் ஆடுமாட்டுக்கு விஷம், பண்டிகை முடிந்ததும் தட்டு எங்கே போகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

வெடி உண்டா என்று கேட்பீர்கள். சிவகாசி பக்கத்தில் இருந்துகொண்டு இல்லாமலா? உச்ச நீதிமன்றம் 2018-ல் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த நேரம் இரவு 11:55 முதல் 12:30 வரை, மொத்தம் 35 நிமிஷம். நள்ளிரவுப் பூசைக்குப் போகிறவர்களுக்கு அதிலும் பாதி கோவிலுக்குள்ளேயே போய்விடும். ஒரு பெட்டி கம்பி மத்தாப்பு வாங்கி வைத்திருக்கிறோம்.

இப்போது பரணில் இருப்பது ஒரே பெட்டி: பாலன் சுரூபம், ஓலைக்கூரை, பல்பும் வயரும். எரிந்த நான்கு சீரியல் செட்டைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருவிழா அன்று நட்சத்திரம் இறங்கும். கம்புத் தட்டுக்கு எதிர்வீட்டு அக்கா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார், அவர் ஆடு குட்டி போட்டிருக்கிறது.