செம்மண் பூமியில் ஆர்க்கிட் மலருமா?

ஆர்க்கிட் என்றதும் நம் நினைவுக்கு வருவன மலைநாடுகளே. செண்பகனூர்த் திரு இருதயக் கல்லூரியில் இயேசு சபைக் குருக்கள் பேணி வளர்த்த ஆர்க்கிட் தோட்டத்தையும், ஏற்காட்டில் 1963-இல் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனம் அமைத்த ஆர்க்கிட் பண்ணையையும் கண்டு வியந்தோர் பலர். அவ்வியப்போடு ஊர் திரும்பி, மலையடிவாரக் கடையில் ஒரு செடியையும் வாங்கி வந்து, கோவிலூரிலோ காரைக்குடியிலோ வீட்டு முற்றத்தில் தொங்க விடுகிறோம். சித்திரை வெயில் வந்ததும் செடி பட்டுப்போகிறது. "நமக்குக் கைராசி இல்லை" என்று சொல்லி ஓய்ந்துவிடுகிறோம். குறை கைராசியில் இல்லை, தேர்வில்தான் இருக்கிறது.

உலகில் இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட ஆர்க்கிட் வகைகள் உண்டு. அவற்றுள் குளிர் விரும்புவனவும் உண்டு. வெயில் பொறுப்பனவும் உண்டு. சிம்பிடியம் பூப்பதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். காசி மலைகளிலும் பர்மாவிலும் வளரும் நீல வாண்டா எவ்வளவு அழகாயினும் நமது வெப்பத்திற்கு ஏற்றதன்று. கடைகளில் மிகுதியாகக் காணப்படும் பலனாப்சிஸ் காற்றில் ஈரம் குறைந்தால் வாடும். செட்டிநாட்டில் முதல் முயற்சி செய்வோர் இம்மூன்றையும் விலக்குவது நலம்.

எவற்றைத் தேர்ந்தெடுப்பது?

முதலிடம் நம் சமவெளிக்கே உரிய வாண்டா டெஸ்ஸல்லாட்டாவுக்குத் தருவோம். மாமரம் போன்ற பழமரங்களின் கிளைகளைப் பற்றி வளரும் இதனைப் புல்லுருவி என்று எண்ணிச் சிலர் வெட்டி எறிவதுண்டு. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சுவது. இதுவோ மரத்தில் இடம் மட்டும் கேட்பது, உணவைக் கேட்பதில்லை. தடித்த வேர்களைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற உறையினால் மழையையும் பனியையும் பருகி வாழ்கிறது. பழுப்புக் கட்டங்கள் பின்னிய இதழ்களும் நீலம் படர்ந்த உதடும் கொண்ட இதன் மலர் நறுமணம் உடையது. வாண்டா என்னும் பெயரே வடமொழியிலிருந்து தாவரவியலுக்குச் சென்றதாகும். அதனை எடுத்து வழங்கியவர், 1784-இல் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவிய சர் வில்லியம் ஜோன்ஸ்.

இரண்டாவது, டென்டிரோபியம் கலப்பினங்கள். வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்து, பூங்கொத்துகளில் நாம் காணும் மலர்கள் பெரும்பாலும் இவையே. மூன்றாவது, தரையிலேயே வளரும் ஸ்பாத்தோகுளோட்டிஸ். ஆர்க்கிட் வளர்த்து அறியாதவர் இதிலிருந்து தொடங்கலாம். இலைமக்கும் மணலும் கலந்த, நீர் தேங்காத மண்ணில், அரை நிழலில் நன்கு வளரும்.

வளர்க்கும் முறை

டென்டிரோபியத்தைத் தோட்ட மண்ணில் நடலாகாது. வேர் மூச்சடைத்து அழுகிவிடும். பக்கங்களில் துளையுள்ள மண்தொட்டியில் அடுப்புக்கரி, ஓட்டுச் சில்லு, பலமுறை நீரில் ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவற்றை இட்டு நடவேண்டும். வாண்டாவை மாமரம், புளியமரம் போன்று பட்டை சொரசொரப்பான மரத்தில் தென்னை நாரினால் மெல்லக் கட்டலாம். பட்டையை உரித்துக்கொண்டே இருக்கும் கொய்யா உதவாது. ஆவணி, புரட்டாசியில் கட்டினால் ஐப்பசி மழையில் புதுவேர் பற்றிக்கொள்ளும்.

கிழக்குப் பார்த்த இடம் சிறந்தது. காலை வெயில் வேண்டும். உச்சி வெயிலை நிழல்வலை பாதியளவு தடுக்க வேண்டும். இலை கரும்பச்சையானால் ஒளி போதவில்லை. மஞ்சளித்துச் சிவந்தால் ஒளி மிகுதி என்று அறிக. வேரும் பேசும். உலர்ந்தால் வெளுக்கும், நனைந்தால் பச்சையாகும். வெளுத்த பின்னரே நீர் தருக.

ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உப்பு மிகுந்திருப்பின் வேர்நுனி கருகும். முற்றத்தில் விழும் மழைநீரை அண்டாக்களில் பிடித்துவைத்த நம் முன்னோர் வழக்கம் இங்கே பெரிதும் உதவும். கொசு புகாதபடி மூடிவைத்து, அந்நீரையே காலையில் தெளியுங்கள். பங்குனி, சித்திரையில் செடியின் கீழுள்ள தரையையும் நனைத்து வைத்தால் காற்று குளிரும். நீரில் கரையும் உரத்தை லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மிகாமல், வேரை முதலில் நனைத்தபின் தெளிக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள்

செடி வேண்டுமென்று காட்டு மரங்களிலிருந்து பிய்த்து எடுக்காதீர்கள். ஆர்க்கிட் விதை தூசியினும் நுண்ணியது. தனக்கென உணவுச் சேமிப்பு இல்லாததால், காட்டில் ஒருவகைப் பூஞ்சையின் துணையின்றி அது முளைக்காது. ஆகவே, பிய்த்த இடத்தில் மற்றொரு செடி எழுவது அரிது. நீல வாண்டாவைக் காட்டிலிருந்து எடுப்பதை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. பூஞ்சையின் துணையின்றியே சர்க்கரை கலந்த ஊட்டக்கூழில் விதையை முளைக்கச் செய்யலாம் என்று அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டினார். அவ்வழியில் வந்த ஆய்வுக்கூடச் செடிகள் இன்று நாற்றங்கால்களில் கிடைக்கின்றன. அவற்றையே கேட்டு வாங்குங்கள். புயலில் முறிந்த கிளையிலோ, சாலைக்காக வெட்டப்பட்ட மரத்திலோ வாண்டா ஒட்டியிருக்கக் கண்டால், உரியவரின் அனுமதி பெற்று அதனை மீட்டு, உங்கள் மாமரத்தில் கட்டி வையுங்கள்.

பிள்ளைகளிடம் ஒரு செடியை ஒப்படையுங்கள். முதல் மலர் வர ஓராண்டு ஆகலாம், ஈராண்டும் ஆகலாம். காத்திருக்கக் கற்ற பிள்ளைக்கு அம்மலர் பெரும் பரிசாகும்.