இசைக்கு இடையே இரைச்சல்

சட்டைப் பையில் அடங்கும் ஹை-ரெஸ் மியூசிக் பிளேயர் ஒன்றைக் கணிசமான பணம் கொடுத்து வாங்கியவர், வீடு அடங்கிய பின்னிரவில் இயர்போனைக் காதில் பொருத்திக்கொண்டு, வித்துவான் ஆலாபனையின் நடுவே மூச்சு வாங்கும் அந்தக் கணத்தில், தம்புராவின் நாதத்துக்கு அடியில் 'உஸ்' என்று ஓயாமல் ஓடும் மெல்லிய இரைச்சலைக் கேட்டுத் திடுக்கிடுவது இன்று சர்வ சாதாரணமாகிவிட்டது. கைபேசியில் கேட்டபோது இல்லாத இந்த இரைச்சல், அதைவிடப் பன்மடங்கு உயர்ந்ததாகச் சொல்லப்படும் சாதனத்தில் எப்படி வந்தது என்பது விளங்காமல், சிலர் பிளேயரை மாற்றுகிறார்கள். சிலர் விலையுயர்ந்த வயர்களை வாங்கிப் பார்க்கிறார்கள். சிலர் மனம் சலித்து அதைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். இம்மூன்றும் பெரும்பாலும் அவசியமற்றவை என்பதும், இரைச்சலைச் சற்றுச் சிரத்தையுடன் செவிமடுத்தால் அது பிறந்த இடத்தைக் கண்டுகொள்ளலாம் என்பதும் என்னுடைய உறுதியான அபிப்பிராயம்.

முதலில், இந்தச் சாதனம் வாக்களிப்பது என்ன என்பதைத் தெரிந்துகொள்வது நலம். 1982-ஆம் ஆண்டு ஸோனியும் பிலிப்ஸும் சேர்ந்து சந்தைக்குக் கொண்டுவந்த சி.டி., ஒலி அலையை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாகக் குறித்து வைக்கிறது. அந்த 16 பிட்டுக்குள், பதிவாகக்கூடிய மிக உரத்த ஒலிக்கும் அடித்தள இரைச்சலுக்கும் இடையே சுமார் 96 டெசிபெல் இடைவெளி கிடைக்கிறது. ஹை-ரெஸ் என்று வழங்கும் கோப்புகளில் பெரும்பாலானவை விநாடிக்கு 96,000 அல்லது 192,000 முறை அளக்கப்பட்டு, 24 பிட் எண்களாகப் பதிவாகின்றன. கணக்கின்படி அவற்றில் அந்த இடைவெளி 144 டெசிபெல். ஆனால் எண்ணை மின்னலையாக மாற்றும் டி.ஏ.சி. சில்லும், அந்த அலைக்கு வலுவூட்டும் ஆம்பிளிஃபயரும் சேர்ந்து இயங்கும் எந்தப் பையடக்கச் சாதனமும் அந்த 144-ஐ எட்டுவதில்லை. நல்ல பிளேயர்களே 120 டெசிபெல்லை ஒட்டி நின்றுவிடுகின்றன.

இதைத் தயாரிப்பாளரின் குறை என்று சொல்வது நியாயமாகாது. இது இயற்கையின் நியதி. மின்சாரத்தைக் கடத்தும் எந்தப் பொருளிலும் எலெக்ட்ரான்கள் உஷ்ணத்தால் ஓயாமல் அலைந்துகொண்டிருக்க, அந்த அலைச்சலே ஒரு மின்னிரைச்சலாக வெளிப்படுகிறது. அமெரிக்காவின் பெல் சோதனைச் சாலையில் பணிபுரிந்த ஜான்சன் இதைப் பரீட்சை செய்து அளந்து காட்ட, அதன் தாய்க் கம்பெனியில் பொறியியலாளராக இருந்த நைக்விஸ்ட் அதற்குரிய கணித விதியை வகுத்துத் தர, இருவருடைய கட்டுரைகளும் 1928-இல் வெளியாயின. இருவருமே ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள் என்பது ஒரு விசேஷம். அவர்களுடைய விதிப்படி, சாதாரண அறை வெப்பத்தில் இருக்கும் ஆயிரம் ஓம் மின்தடை ஒன்று, மனிதச் செவிக்கு எட்டும் அதிர்வெண்களுக்குள் மட்டும், சுமார் அரை மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தானாகவே உண்டாக்குகிறது. இரண்டு வோல்ட் வெளியீடுள்ள பிளேயரில் 24 பிட் எண்ணின் கடைசி பிட் குறிக்கும் மின்னழுத்தமோ இதைவிடச் சிறியது. ஆகவே பூரண நிசப்தமான ஆம்பிளிஃபயர் என்று ஒன்று உலகில் இல்லை. இரைச்சல் நம் காதுக்கு எட்டாத அளவுக்கு அடங்கிய ஆம்பிளிஃபயர் உண்டு. நாம் நாட வேண்டியது அதைத்தான்.

காதுக்கு எட்டுமா, எட்டாதா என்பதை நிர்ணயிப்பது பிளேயர் மட்டும் அன்று. அதில் நாம் செருகும் இயர்போனுக்கும் சம பங்கு உண்டு. ஐந்து மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தன் வெளியீட்டில் கொண்ட பிளேயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முந்நூறு ஓம் தடையும், ஒரு மில்லிவாட்டுக்கு 97 டெசிபெல் ஒலி தரும் திறனும் உள்ள பெரிய ஹெட்போனை அதில் மாட்டினால், அந்த ஐந்து மைக்ரோவோல்ட் எழுப்பும் ஒலி செவியின் எல்லைக்கும் கீழே, பூஜ்ய டெசிபெல்லுக்கும் தாழ்ந்து நிற்கும். எவர் காதிலும் விழாது. அதே பிளேயரில், பதினாறு ஓம் தடையும் மில்லிவாட்டுக்கு 115 டெசிபெல் தரும் கூர்மையும் உள்ள, காதுக்குள் செருகும் சிறிய இயர்போனை மாட்டினால், அதே ஐந்து மைக்ரோவோல்ட் சுமார் 27 டெசிபெல் ஒலியாகிறது. அது அமைதியான படுக்கையறையின் இரவு நேர ஒலிமட்டத்துக்கு ஏறத்தாழச் சமம். வெளிச் சத்தத்தை அடைத்துவிடும் ரப்பர் முனையோடு காதில் இறுக அமர்ந்திருக்கும் அந்த இயர்போனில், அவ்வளவு இரைச்சல் தெளிவாகவே கேட்கும். பிளேயர் மாறவில்லை, அதன் குணமும் மாறவில்லை, சேர்க்கைதான் மாறியது. பெரிய ஹெட்போன்களையும் இயக்கவேண்டும் என்ற நோக்கத்தோடு வலுவான ஆம்பிளிஃபயரை வைத்துச் செய்த சாதனத்தில் மிகக் கூர்மையான இயர்போனைச் செருகுவது, குழந்தைக்குப் பாலாடையில் பால் புகட்ட ஏற்றச் சாலைச் சாய்ப்பதற்கு ஒப்பாகும். கைபேசியில் இரைச்சல் கேட்காததற்கும் இதுவே பெரும்பாலும் காரணம்: அதன் ஆம்பிளிஃபயர் வலுக் குறைந்தது, வலுவோடு இரைச்சலும் குறைந்திருக்கிறது.

இதற்கு நிவர்த்தி எளிது. அநேகமாக எல்லாப் பிளேயர்களிலும் 'கெயின்' என்றொரு அமைப்பு இருக்கிறது. அதை 'லோ' என்பதில் வைத்துவிட்டு, வேண்டிய ஒலியை வால்யூமைக் கூட்டிப் பெறுவதே சரியான முறை. அடுத்தது, பாலன்ஸ்டு என்னும் 4.4 மில்லிமீட்டர் துவாரத்தைப் பற்றியது. அது விலையுயர்ந்த மாடல்களில் இருப்பதால் அதில்தான் இரைச்சல் குறைவாக இருக்கும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. கூரிய இயர்போன்களைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்துவிடுகிறது. ஒரு பக்கத்துக்கு இரண்டு ஆம்பிளிஃபயர்கள் எதிரெதிராக இயங்கும் அந்த ஏற்பாட்டில் இசை இருமடங்கு மின்னழுத்தம் பெற்று ஆறு டெசிபெல் உயரும்போது, இரைச்சலும் மூன்று டெசிபெல் உயர்கிறது. விகிதம் நன்மையாகவே இருந்தாலும், பாட்டு ஓய்ந்த கணத்தில் காதில் விழுவது அந்த உயர்ந்த இரைச்சல்தான். எனவே சாதாரண 3.5 மில்லிமீட்டர் துவாரத்தில் செருகி ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். இவ்விரண்டாலும் தீராவிட்டால், இயர்போனுக்கும் பிளேயருக்கும் இடையே பொருத்தும் அட்டனுவேட்டர் என்ற சிறு இணைப்பு இருக்கிறது. அது இசையையும் இரைச்சலையும் ஒருசேரக் குறைக்க, நாம் வால்யூமைக் கூட்டி இசையை மட்டும் மீட்டுக்கொள்கிறோம். பல ஒலிப்பான்களைக் கொண்ட இயர்போன்களில் அது ஸ்வரத்தின் சாயலைச் சிறிது மாற்றக்கூடும் என்பதால், வாங்கும் முன் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். விலையுயர்ந்த வெள்ளி வயர்கள் இந்த 'உஸ்' ஒலிக்கு எவ்விதப் பிரயோசனமும் தருவதில்லை. இரைச்சல் பிறப்பது ஆம்பிளிஃபயரில். வயர் அதைச் சுமந்து வருவதோடு சரி.

இத்தனைக்கும் முன்பாக, இரைச்சல் பாட்டின் பதிவிலேயே இருக்கிறதா என்பதை நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். ரே டால்பி 1965-இல் தம் நிறுவனத்தைத் தொடங்கி, ஒலிநாடாவின் இரைச்சலை அடக்கும் உபாயத்தை ஒலிப்பதிவுக் கூடங்களுக்குத் தருவதற்கு முன்னால் நாடாவில் பதிவான பாடல்களிலெல்லாம், நாடாவுக்கே உரிய 'உஸ்' ஒலி ஊடுபாவாகக் கலந்திருக்கிறது. 78 சுற்று இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த பழைய கச்சேரிகளிலோ முள் உராயும் சரசரப்பும் வெடிப்பொலியும் சேர்ந்தே வரும். 24 பிட் கோப்பாக மாற்றுவதால் அவை மறைவதில்லை. முன்னிலும் தெளிவாகக் கேட்கின்றன. அவற்றை முற்றிலும் துடைத்தெடுக்க முயன்று குரலின் உயிரையும் சேர்த்துத் துடைத்துவிட்ட மறுபதிப்புகளைவிட, இரைச்சலோடு கூடிய மூலப் பதிவே எனக்கு உவப்பானது. பரீட்சை இதுதான்: வால்யூமைக் குறைக்கும்போது இரைச்சலும் பாட்டோடு சேர்ந்து குறைந்தால், அது பதிவில் உள்ளது, எவ்வளவு குறைத்தாலும் மாறாமல் ஒரே சீராக நின்றால், அது பிளேயருடையது. பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பது நம்பத்தக்க பரீட்சை ஆகாது. பாட்டு நின்ற சில விநாடிகளில் பல பிளேயர்கள் ஆம்பிளிஃபயரையே உறங்கச் செய்துவிடுகின்றன. மிக மென்மையான பகுதி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

'உஸ்' என்ற சீரான ஒலியை விட்டு, விட்டுவிட்டு அதிரும் ஒலிகளுக்கு வந்தால், குற்றவாளி பெரும்பாலும் வெளியே இருப்பதைக் காணலாம். அழைப்பு வருவதற்குச் சற்று முன்பே 'டட்-டட்-டட்' என்று கேட்கும் ஒலி, அருகில் கிடக்கும் கைபேசி 2ஜி அலைவரிசையில் கோபுரத்தோடு பேசுவதன் அடையாளம். அது விநாடிக்குச் சுமார் 217 துடிப்புகளாக அலைகளை அனுப்ப, இயர்போன் வயர் ஆன்டெனாவைப் போல அதை வாங்கிக்கொள்கிறது. கைபேசியை நான்கடி தள்ளி வைத்தால் போதும். பிளேயரின் வைஃபையும் ப்ளூடூத்தும் கிளப்பும் கீச்சொலிகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. அவற்றை அணைத்துவிட்டு, கார்டில் சேமித்த பாட்டைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

சார்ஜ் ஏறும்போது மட்டும் தோன்றும் ரீங்காரத்துக்குச் சார்ஜரே காரணம். பிளேயரைக் கம்ப்யூட்டரோடும் ஆம்பிளிஃபயரோடும், அல்லது காரில் சார்ஜரோடும் ஸ்டீரியோவோடும், ஒரே சமயத்தில் வயரால் இணைக்கும்போது, அவற்றுக்கிடையே எர்த் வழியாக ஒரு வட்டம் உண்டாகி, வீட்டில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் 'ம்ம்ம்' ஒலியும், காரில் எஞ்சினின் வேகத்தோடு ஏறி இறங்கும் சிணுங்கலும் நுழைகின்றன. சார்ஜரைக் கழற்றிவிட்டு பாட்டரியில் கேட்பதும், இயலாதபோது கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் என்ற சிறு பெட்டியை இடையே இணைப்பதும் இதற்குத் தக்க பரிகாரங்கள். இந்த ஒலியை ஒழிப்பதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை அகற்றிவிடுவோரும் இருக்கிறார்கள். அது உயிருக்கு ஆபத்து. எந்த இசைக்காகவும் அதைச் செய்யலாகாது.

இனி, 'கரகர' என்றும் 'டிக்' என்றும் வரும் ஒலிகள். இயர்போன் பின்னை விரலால் மெல்லச் சுழற்றும்போது கரகரப்பு ஏறி இறங்கினால், துவாரத்தில் பஞ்சும் தூசும் சேர்ந்திருக்கின்றன, அல்லது பின்னில் வியர்வையும் ஈரக்காற்றும் படிந்து உலோகம் கறுத்திருக்கிறது. பிளேயரை அணைத்துவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் சிறிது தோய்த்த பஞ்சுக் குச்சியால் பின்னைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே செருக வேண்டும். துவாரத்துக்குள் ஊசியையோ எண்ணெயையோ விடவே கூடாது. வயரைக் கழற்றி மாட்டும் வகை இயர்போனாக இருந்தால், காதருகே உள்ள இணைப்புகளையும் இவ்வாறே துடைக்கலாம். ஒரு காதில் மட்டும் கோளாறு என்றால், இடது வலது இயர்போன்களை வயரில் மாற்றி மாட்டிப் பாருங்கள். கோளாறு இயர்போனோடு கூடவே இடம் மாறினால், பிளேயரின் மேல் பழி இல்லை.

'டிக்' ஒலி ஒரே பாட்டில், ஒவ்வொரு முறையும் அதே விநாடியில் வந்தால் அந்தக் கோப்பு பழுதானது. வெவ்வேறு இடங்களில் வந்தால் மெமரி கார்டைச் சந்தேகிக்க வேண்டும். அதே பாட்டைப் பிளேயரின் உள் நினைவகத்துக்கு மாற்றிக் கேட்டால் சந்தேகம் தீரும். ஃபிளாக் கோப்புகளில் ஒரு சௌகரியம் உண்டு: ஒலித் தரவின் சரிபார்ப்பு எண் பொதுவாகக் கோப்புக்குள்ளேயே பதிந்திருப்பதால், கம்ப்யூட்டரில் அதைச் சோதித்து, நகலெடுக்கையில் ஏதேனும் சிதைந்ததா என்பதை ஐயமின்றி அறியலாம். ஒரு பாட்டு முடிந்து வேறு அளவீட்டில் பதிவான பாட்டு தொடங்கும்போது எழும் 'டொப்' என்ற ஒலி, கருவி தன் கடிகாரத்தை மாற்றிக்கொள்வதால் வருவது. மெல்லியதாக இருந்தால் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

உரத்த இடங்களில் குரல் பிசிறடித்தால் ஈக்வலைசரைப் பாருங்கள். பாஸை ஆறு டெசிபெல் ஏற்றியவர், அதே அமைப்பில் உள்ள பிரீஆம்ப் அளவை ஆறு டெசிபெல் இறக்காவிட்டால், அலையின் உச்சி வெட்டுண்டு போகிறது. நடக்கும்போது மட்டும் 'தட்தட்' என்று கேட்டால், வயர் சட்டையில் உராய்கிறது. அதைக் காதின் மேலாகச் சுற்றிப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

எந்தப் பரீட்சையிலும் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இயர்போன், பாட்டு, கெயின், சார்ஜர் எல்லாவற்றையும் ஏககாலத்தில் மாற்றினால், இரைச்சல் போனாலும் எதனால் போயிற்று என்பது தெரியாது. இவ்வளவும் செய்து, இரண்டு மூன்று இயர்போன்களிலும், பாட்டரியிலும், கைபேசி அருகில் இல்லாத இடத்திலும் இரைச்சல் மாறாமல் கேட்டால், அல்லது முன்பு இல்லாத இரைச்சல் திடீரென்று தோன்றினால், அப்போதுதான் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும். எந்த நிலையில் கேட்கிறது, எதில் கேட்கவில்லை என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றால், பழுதுபார்ப்பவர் உங்கள் சொல்லைத் தட்டிக்கழிக்க இடமிராது.

புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கடையில் உள்ள இயர்போனில் கேட்டுவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள்; தினமும் நீங்கள் காதில் அணியும் இயர்போனையே எடுத்துச் சென்று, அதைச் செருகிக் கேளுங்கள். கடையின் சந்தடியில் மெல்லிய இரைச்சல் மறைந்துவிடும். ஆகையால் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்பதைக் கேட்டுக்கொண்டு, முதல் நாள் இரவே, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, மிக மென்மையான பாட்டைக் கேட்டுப் பாருங்கள்.