மேப்பிங்கின் சாவி யாரிடம்?

என் மருமகள் நொய்டாவில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். சென்ற வருடம் காலாண்டுக் கணக்கு முடிக்கும் சமயம், "நான் தொடவே இல்லை மாமா" என்று இரண்டு நாள் அழுதுகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டேன். ரயில்வே சிக்னல் பிரிவில் காலம் தள்ளிய டிப்ளமோக்காரன் எனக்கே புரிந்ததால், அதே வேலையில் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் சங்க அன்பர்களுக்கும் எழுதுகிறேன்.

துணைக் கம்பெனிகளையும் சேர்த்து ஒருங்கிணைந்த கணக்குக் காட்டவேண்டும் என்பது 2013-ம் வருடத்துக் கம்பெனிச் சட்டம். ஒரு கம்பெனியில் 5010 என்றால் விற்பனை; இன்னொன்றில் அதே எண் வாடகை. எந்த எண் எந்தப் பொதுத் தலைப்பில் விழவேண்டும் என்று சொல்லும் பட்டியல்தான் 'மேப்பிங்'. எங்கள் பாஷையில் பாயிண்ட். தப்பாகத் திரும்பினால் வண்டி வேறு லைனில் போகும்.

அப்படித்தான் போயிற்று. யாரோ ஒரு வரியை மாற்ற, சகோதரக் கம்பெனிக்கு விற்ற சரக்கு வெளியார் விற்பனையில் விழுந்துவிட்டது. பற்று வரவு கூட்டல் சரியாகவே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைசியில் வாங்கிய கம்பெனி பக்கம் 12 கோடி, விற்ற பக்கம் சைபர்! அந்த அறையில் ஐந்து பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட். அது இவள் பெயரில் இருந்தது.

ரிலே ரூமுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், மற்றது சிக்னல் மெயின்டெய்னரிடம். தனியாக ஒருவர் திறக்க முடியாது.

மென்பொருளிலும் இதற்கு வழி உண்டு. ஆரக்கிளின் ஹைபீரியன் வகையில் ஒவ்வொரு கம்பெனியையும் ஒரு 'லொகேஷன்' ஆக்கி, இன்னார்தான் அதற்குள் போகலாம் என்று வைக்கலாம். முடித்த மாதத்தைப் பூட்டலாம். ஆனால் ஒன்று கவனிக்கவேண்டும். பல லொகேஷன்களை ஒரே தாய் லொகேஷனோடு இணைத்திருந்தால் பட்டியல் எல்லோருக்கும் பொது. ஒன்றில் கை வைத்தால் அத்தனையிலும் மாறும். வசதிக்காகச் செய்வது, வினையாகவும் முடியும்.

இப்போது ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்ட். மருமகள் மேப்பிங்கைப் பார்க்கலாம், திருத்த முடியாது. மாற்றம் வேண்டுமானால் படிவம் எழுதி, மேலாளர் கையெழுத்து வாங்கவேண்டும். சிக்னல் வேலைக்கு நாங்கள் கொடுக்கும் டி-351 டிஸ்கனெக்ஷன் படிவத்தைக் காட்டினேன். அதைப் பார்த்துத்தான் அவள் தன் படிவத்துக்குக் கட்டம் போட்டாள்.