திடீர்னு ஆஃப் ஆன கம்ப்யூட்டர் மறுபடி ஆன் ஆகலையா? கடைக்குத் தூக்கிட்டுப் போகும் முன் இதைப் பாருங்க!

திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்ன பிரவுசிங் சென்டர் என்று வைத்துக்கொள்வோம். டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். கரண்ட் ஒரு நொடி போய் வருகிறது. கம்ப்யூட்டர் 'டப்' என்று ஆஃப். பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. "போச்சு, போர்டு போயிடுச்சு" என்று பக்கத்தில் இருப்பவர் தீர்ப்பே சொல்லிவிடுகிறார்.

அவசரப்பட வேண்டாம். ஆன் ஆகாத கம்ப்யூட்டர் எல்லாம் செத்துப்போன கம்ப்யூட்டர் இல்லை. பல நேரம் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஆஃப் ஆகியிருக்கும். அப்படியே உள்ளே ஏதாவது பாகம் போயிருந்தாலும், உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் தேவையில்லாத செலவும் மிச்சம், பதற்றமும் மிச்சம்.

ஏன் தானாக ஆஃப் ஆகிறது?

சுவரில் இருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைக் கம்ப்யூட்டர் அப்படியே பயன்படுத்துவதில்லை. சிபியு பெட்டிக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற பாகம் அதை 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது. மின்சாரம் தாறுமாறாக வந்தாலோ, உள்ளே எங்காவது ஷார்ட் ஆனாலோ எஸ்.எம்.பி.எஸ். தானே சப்ளையை நிறுத்திவிடும். பிராசஸர் சூடாகி 100 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போனால், முதலில் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் சூடு அடங்கவில்லை என்றால் கம்ப்யூட்டரையே ஆஃப் செய்துவிடும்.

முதல் வேலை: சுவரில் இருந்து ஆரம்பிங்க

பெட்டியைத் திறக்கும் முன் வெளியே இருப்பதைப் பாருங்கள். அதே பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். எம்.சி.பி. ட்ரிப் ஆகியிருக்கிறதா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேலை செய்கிறதா? சிபியு பின்னால் செருகும் பவர் கேபிள் லூஸாக இருக்கிறதா? எஸ்.எம்.பி.எஸ். பின்புறம் உள்ள சின்ன சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா? துடைக்கும்போது கை பட்டு அது ஆஃப் ஆவது சகஜம்.

அடுத்து யு.பி.எஸ். அதன் பேட்டரி பொதுவாக இரண்டு, மூன்று வருஷத்தில் தளர்ந்துவிடும். பச்சை லைட் எரியும். ஆனால் கரண்ட் போன அதே நொடியில் கம்ப்யூட்டரும் சேர்ந்து போகும். யு.பி.எஸ்.ஸை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரை நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். ஆன் ஆனால் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை.

ஜெராக்ஸ் கடைக்காரர்கள், இ-சேவை மையக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. "பிரின்ட் கொடுத்தாலே கம்ப்யூட்டர் ஆஃப் ஆகுது" என்றால், லேசர் பிரின்டரை யு.பி.எஸ்.ஸில் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பேப்பரில் மையைப் பதிய வைக்க லேசர் பிரின்டர் உருளையைச் சூடாக்கும். அந்த நேரத்தில் அது இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன யு.பி.எஸ். தாங்காது. பிரின்டரை நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள். ஒரு ரூபாய் செலவில்லாமல் பிரச்னை தீரும்.

காசில்லாத 30 நொடி வைத்தியம்

எஸ்.எம்.பி.எஸ். ஒருமுறை பாதுகாப்புக்காகத் தன்னைப் பூட்டிக்கொண்டால், முன்பக்க பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் திறக்காது. மின்சாரம் முழுதாக விலகினால்தான் அந்தப் பூட்டு விடும்.

சுவிட்சை ஆஃப் செய்து பவர் கேபிளைக் கழற்றுங்கள். பென் டிரைவ், பிரின்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கேபிள் இல்லாத நிலையிலேயே பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். ஐந்து நிமிடம் விட்டு, பவர் கேபிளையும் மானிட்டரையும் மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். கரண்ட் போய் வந்தபிறகு மௌனமான பல கம்ப்யூட்டர்கள் இதிலேயே எழுந்துவிடும்.

எழுந்ததும் விண்டோஸ் தானாக ரிப்பேர் வேலையைத் தொடங்கினால், "இவ்வளவு நேரம் ஆகுதே" என்று பாதியில் ஆஃப் பண்ணிடாதீங்க. அது முடியட்டும்.

எப்படி ஆன் ஆகவில்லை? அதுதான் துப்பு

'ஆன் ஆகல' என்ற ஒரு வார்த்தைக்குள் மூன்று நோய்கள் இருக்கின்றன.

ஒன்று: ஃபேனும் சுற்றவில்லை, லைட்டும் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். மீதுதான் முதல் சந்தேகம். கருகிய வாசனை வந்தால் மறுபடி முயற்சி செய்யவே கூடாது.

இரண்டு: ஆன் ஆகி, சில நொடியில் தானாக ஆஃப் ஆகிறது. பவர் பட்டனை நாலு நொடி அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகும் அல்லவா? பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டாலும் அதேதான் நடக்கும். பட்டனைத் தட்டிப் பாருங்கள். அது சரியாக இருந்தால், பிராசஸர் ஃபேன் சுற்றாமல் இருக்கலாம், எஸ்.எம்.பி.எஸ். பலவீனமாகி இருக்கலாம்.

மூன்று: ஃபேன் சுற்றுகிறது, ஆனால் ஸ்கிரீனில் ஒன்றும் வரவில்லை. மானிட்டர் கேபிளைச் சரிபார்த்துவிட்டு, கீபோர்டில் நம் லாக் அழுத்துங்கள். லைட் மாறினால் கம்ப்யூட்டர் ஓடுகிறது, மானிட்டர் பக்கம்தான் கோளாறு. மாறாமல், பீப் சத்தம் தொடர்ந்து வந்தால் ரேம் சரியாக உட்காராமல் இருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, 'க்ளிக்' என்று உட்காரும்படி மாட்டுவது மெக்கானிக்குகள் வழக்கமாகச் செய்யும் வேலை.

ஒரு எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

வெயில் காலத்துல அடிக்கடி ஆஃப் ஆகுதா?

விழுப்புரம், திண்டிவனம் இரண்டுமே சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர்கள். ரோட்டோரக் கடை என்றால் தூசிக்குக் கேட்கவே வேண்டாம். பிராசஸர் மேலிருக்கும் ஃபேனுக்கு அடியில் தூசி கம்பளி மாதிரி படிந்துவிடும். கத்திரி வெயிலில் அறையே கொதிக்கும்போது, பிராசஸர் எப்படிக் குளிரும்? காலையில் நன்றாக ஓடி, மதியம் ஆஃப் ஆகி, சாயங்காலம் தானாகச் சரியாகும் கம்ப்யூட்டர் என்றால் சூடுதான் காரணமாக இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள். பழைய கம்ப்யூட்டர் என்றால் தெர்மல் பேஸ்ட் மாற்றச் சொல்லுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

வெள்ளத்தில் நனைந்த கம்ப்யூட்டர் தனி கேஸ்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீடுகளிலும் கடைகளிலும் தண்ணீர் புகுந்தது, பல இடங்களில் மின்சாரம் இல்லை. அப்படி நனைந்த கம்ப்யூட்டரை "ஓடுதான்னு பார்ப்போம்" என்று ஆன் செய்வதுதான் பெரிய தவறு. தண்ணீரை விட, தண்ணீரோடு சேர்ந்த மின்சாரம்தான் போர்டைக் கொல்லும்.

மெயினை ஆஃப் செய்த பிறகே தொடுங்கள். போர்டில் காசு வடிவில் இருக்கும் சின்ன பேட்டரியையும் கழற்றச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க்கை ஹேர் டிரையரால் காய வைக்காதீர்கள். அப்படியே டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கடைக்குப் போகும்போது சொல்ல வேண்டியது

"ஆன் ஆகல, பாருங்கண்ணே" என்பது போதாது. கரண்ட் போனபோது ஆஃப் ஆனதா, பிரின்ட் கொடுத்தபோதா, ஃபேன் சுற்றுகிறதா, பீப் வருகிறதா, இதையெல்லாம் சொல்லுங்கள். வேறு ஒரு எஸ்.எம்.பி.எஸ். மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஓடினால் போர்டு மாற்றும் செலவே வேண்டியதில்லை.

முக்கியமாக, "என்னைக் கேட்காமல் ஃபார்மட் போடாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பவர் வராத கம்ப்யூட்டருக்கு ஃபார்மட் மருந்தே இல்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலே கல்யாண ஆல்பமும், கடைக் கணக்கும், பிள்ளையின் புராஜெக்டும் கிடைத்துவிட வாய்ப்பு அதிகம். சில விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் அப்போது 48 இலக்க ரெக்கவரி எண் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் இருந்து 'டிக் டிக்' சத்தம் வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள்.

இனி வராமல் இருக்க...

கரண்ட் போனால் சுவர் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, வந்து சில நிமிடம் கழித்து ஆன் செய்யுங்கள். பெட்டியைத் தொட்டால் 'சுரீர்' என்கிறதா? எர்த் சரியில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒரு லைட் கண்ணைப் பறிக்கும்படி எரிந்து இன்னொன்று மங்கினால் நியூட்ரல் கோளாறாக இருக்கலாம். உடனே மெயினை ஆஃப் செய்து, மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-ல் புகார் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. எஸ்.எம்.பி.எஸ். போனால் வேறு வாங்கலாம், போர்டு போனாலும் வேறு வாங்கலாம். ஃபைல் போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது. வாரம் ஒருமுறை முக்கியமானதை வேறு ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள். கம்ப்யூட்டர் இப்போது நன்றாக ஓடுகிறதா? அப்படியென்றால் இன்றைக்கே எடுத்துடுங்க.