தொடைத் தோல் கன்னத்தில்

ஐயாவுக்குப் புகையிலை அடக்கி அடக்கிக் கன்னத்தில் புற்று. நோய் பிடித்த இடத்தை வெட்டியெடுத்து, அந்த ஓட்டையை அவர் தொடைத் தோலாலேயே மூடியிருந்தார்கள். ராத்திரி டூட்டி எனக்கு. மணிக்கொரு தரம் அந்தத் தோலைப் பார்க்க வேண்டும்.

"தீக்காயத்துக்கு ஒட்டுப் போடுவாங்களே, அதுதானே சிஸ்டர்?" என்று மகள் கேட்டாள். அது வேறும்மா. ஒட்டுத் தோலை மெல்லிசாகச் சீவியெடுப்பார்கள். அதற்கென ஓடும் ரத்தம் இல்லை. முதல் ஓரிரு நாள் புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சியே பிழைக்கும். இதுவோ கொழுப்போடும் ரத்தக்குழாயோடும் பெயர்த்தெடுத்த கனமான துண்டு. 'பிளாப்' என்போம்.

ஆபரேஷனில் அந்தக் குழாயைத் தேடுவதுதான் வேலையே. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்கால் சில்லின் வெளிப்பக்க மேல்மூலைக்கு ஒரு கோடு. நடுப்புள்ளியில் 3 செ.மீ. ஆரத்தில் வட்டம். அதன் கீழ் வெளிப்பக்கத்தில் டாப்ளர் பேனாவை வைத்தால் பெரும்பாலும் ரத்தம் ஓடும் 'உஸ் உஸ்' கேட்கும். தொடையின் உள்ளே முன்தசைக்கும் வெளித்தசைக்கும் இடையில் ஒரு தமனிக் கிளை இறங்குகிறது. அதிலிருந்து தோலுக்கு நூலளவு குழாய்கள் ஏறுகின்றன. 1984இல் சீன மருத்துவர் சாங் குழுவினர் இந்த பிளாப்பைப் பற்றி எழுதியபோது, தசைகளின் இடைவெளி வழியாகக் குழாய் வருவதாகச் சொன்னார்கள். பலருக்கு அது வெளித்தசையைத் துளைத்துக்கொண்டே வருகிறது. ஆளுக்கு ஆள் வழி மாறும். அதனால் தசை நாரை இழை இழையாக விலக்கவேண்டும். பக்கத்திலேயே ஓடும் நரம்பும் அறுபடக்கூடாது. பிறகு 2 மி.மீ. சுமாருள்ள அந்தத் தமனிக் கிளையைக் கழுத்துக் குழாயோடு மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தைப்பார்கள். பாக்கு மெல்லும் பழக்கமுள்ள தைவானில் ஃபூ சான் வேய் குழுவினர் 2002இல் இப்படி 672 பிளாப்களின் அனுபவத்தை எழுதினார்கள்.

வார்டில் பார்க்கும்போது, பிளாப்பின் மேல் டாப்ளர் வைக்கும் இடத்துக்கு அடையாளமாக ஒரு தையல் இருக்கும். வெளுத்துச் சில்லிட்டால் தமனியில் கோளாறு. நீலம் பாரித்து, அழுத்தி எடுத்ததும் சட்டென்று நிறம் திரும்பினால் சிரையில் அடைப்பு. இரண்டுக்குமே பெரும்பாலும் மறுபடி தியேட்டர்தான்.

ரெண்டு மணிக்கு ஐயாவின் தோல் லேசாக ஊதா. டாக்டருக்கு போன் போட்டேன். அவர் வந்து முதலில் பார்த்தது கழுத்தை. மூச்சுக்குழாய் ட்யூப்பின் நாடாவை இறுக்கிக் கட்டியிருந்தோம். அது சிரையை அமுக்கியிருக்கிறது. தளர்த்தினார். அரை மணியில் ரோஸ் நிறம் திரும்பியது.

பேச முடியாத ஐயா காலையில் சிலேட்டில் எழுதினார்: 'முடி முளைக்குமா?'

"முளைக்கும் ஐயா. தொடையில இருந்த முடிதான்."

யோசித்துவிட்டு அடியில் எழுதினார்: 'அப்ப ஷேவிங் உண்டு.'